மடியில் வைத்த மிட்டாய்

இது எந்த வேர்வைன்னுதான் தெரியல. நடந்ததுனால வர்ற வேர்வையா, சுகர் இறங்கினதுனால வர்ற வேர்வையா. ரெண்டும் ஒரே உடம்புல இருந்துதான் வருது, ரெண்டும் கழுத்து வழியாத்தான் இறங்குது, மேல பேரா எழுதியிருக்கு. டாக்டரம்மா தெளிவாத்தான் சொன்னாங்க, சுகர் இறங்கினா வேர்க்கும், கை நடுங்கும், பசிக்கும், கண்ணு மங்கும், காரணமில்லாம எரிச்சல் வரும்னு. எரிச்சல் எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து வருது, அதைக் கணக்குல சேர்க்க முடியாது. பசியும் அப்படித்தான். கை நடுங்குது, வாஸ்தவம், ஆனா கை பிடிச்சிருக்கிற கம்பியே நடுங்குது, கம்பி நடுங்குறது இந்த நடக்கிற மெஷின் ஓடுறதுனால. அப்ப நான் நடுங்குறேனா, மெஷின் நடுங்குதா. இறங்கி நின்னு பார்த்தாத் தெரிஞ்சிரும். இறங்குறது எப்படின்னுதான் தெரியல. ஜிம்மு நடத்துற ரூபன் மாஸ்டர் இதை நிறுத்துறதுக்கு என்னமோ சொல்லிக் குடுத்தாரு, அந்த நேரம் பார்த்து நான் எதிர்த்த கண்ணாடியில, யாருடா இந்தக் குண்டன், மஞ்ச பனியனைப் போட்டுக்கிட்டு நம்மளையே முறைக்கிறான்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். அது நாந்தான்னு புரியுறதுக்குள்ள மாஸ்டர் சொல்லி முடிச்சு, ஸ்பீடை வச்சுவிட்டுட்டு, அந்தக் கடைசியில எடை தூக்குற பயலுகளைப் பார்க்கப் போயிட்டாரு. இப்ப நான் நடந்துக்கிட்டே இருக்கேன். வீட்டுல இருந்து பருப்பு மண்டிக்கு நடந்திருந்தா இந்நேரம் போயி, கதவைத் திறந்து, சாமி கும்பிட்டு உட்கார்ந்திருப்பேன். இங்க எம்புட்டு நடந்தாலும் ஜவுளிக்கடை மாடியிலேயே இருக்கேன்.

கூப்பிட்டா வந்திருவாரு மாஸ்டர். ஒரு சத்தம் குடுத்தாப் போதும். குடுத்து என்னன்னு சொல்ல? எனக்கு சுகரு, இறங்குற மாதிரி இருக்குன்னா? பக்கத்து மெஷின்ல நடக்கிறது யாரு. சோலைராஜ் அண்ணாச்சி. பஜார்ல பாத்திரக்கடை வச்சிருக்கிறவரு. என் மக அபிநயாவை அவரு மகனுக்குக் கேட்டு வந்து, பொண்ணு பார்த்துட்டுப் போயி, நிச்சயத்துக்கு நாள் பார்த்துச் சொல்லி அனுப்புறோம்னுட்டு, மூணு வாரமா ஒண்ணும் சொல்லி அனுப்பாம இருக்கிற சோலைராஜ் அண்ணாச்சி. ஊர்ல அவருக்கு நடக்க இடமா இல்ல, ரோடு இல்லையா, கம்மாக்கரை இல்லையா, இன்னைக்கு முதநாளா மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிக்கிட்டு உள்ள நுழையுறேன், துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு, வாங்க தனுஷ்கோடி அண்ணாச்சின்னு நிக்கிறாரு. ஒல்லி மனுசன். அவருக்கு எதுக்கு ஜிம்மு, குறைக்கிறதுக்கு அவருகிட்ட என்ன இருக்கு. சரியா அந்த நேரத்துல மாஸ்டர் கேக்குறாரு, "அங்கிள், ஹெல்த் பிராப்ளம் எதுவும் இருக்கா? பிரஷர், சுகர், ஹார்ட்டு?" சோலைராஜ் அண்ணாச்சி கண்ணாடியைப் பார்த்துத் தலையைக் கோதுற மாதிரி காதை இங்க வச்சிருக்காரு. நான் சொன்னேன், "நமக்கென்ன மாஸ்டர், கல்லு மாதிரி இருக்கேன்." உடனே அவரு திரும்பி, "நானும் வந்த அன்னைக்கு இதேதான் சொன்னேன் அண்ணாச்சி, நமக்கெல்லாம் என்ன வரப்போகுது"ன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். மாஸ்டரும் சிரிச்சாரு. மூணு பேரும் சிரிச்சு முடிச்சதும் என்னைத் தூக்கி இதுமேல ஏத்திட்டாங்க.

கல்லு. காலையில கல்லு ஒண்ணும் திங்கல, அதுதான் இப்ப வினை. வெறும் வயித்தோட வாங்க அங்கிள்னு நேத்தே போன்ல சொல்லிட்டாரு மாஸ்டர். சரின்னு இட்லியைத் தொடல. ஆனா எந்திரிச்சதும் பல்லு விளக்கி, சாமி படத்துக்கு முன்னாடி நின்னு, மாத்திரையை வாயில போட்டுத் தண்ணியைக் குடிக்கிறது கைப்பழக்கம், அது பாட்டுக்கு நடந்துபோச்சு. மாத்திரை உள்ள போயி சுகரைத் தேடும். இட்லி வரும்னு நம்பித்தானே அது இறங்கியிருக்கும். இட்லியைக் காணோம்னா அது என்ன செய்யும், இருக்கிற கொஞ்சநஞ்சத்தையும் வழிச்சு எடுக்கும். சந்திரகனிகிட்ட இதைச் சொன்னா என்னைத் தொலைச்சிருவா. என் வீட்டுக்காரி கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து ஒரு சட்டம் வச்சிருக்கா, வயித்துல ஒண்ணுமில்லாம வாசப்படி தாண்டக்கூடாதுன்னு. அவ அடுப்படியில இருந்தா, நான் செருப்பை, இல்ல, ஷூவைக் கையில எடுத்துக்கிட்டுப் பூனை மாதிரி வந்துட்டேன். அம்பத்தாறு வயசுல திருட்டுத்தனமா வீட்டை விட்டு ஓடி வந்தது நடக்கிறதுக்கு.

வராமலும் இருக்க முடியாது. டாக்டரம்மா கறாராச் சொல்லிட்டாங்க, இப்படியே வயித்தை வளர்த்தா மாத்திரை கேக்காது, ஊசிதான்னு. ஊசின்னதும் எனக்கு வலி ஞாபகம் வரல, ஃப்ரிட்ஜ்தான் ஞாபகம் வந்துச்சு. ஊசி மருந்தை ஃப்ரிட்ஜுலதான் வைக்கணுமாம். வைக்கலாம், ஆனா வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்கள்ல எவன் ஃப்ரிட்ஜைத் திறக்காம இருக்கான். தண்ணி குடிக்கிறேன்னு திறப்பான், மருந்தைப் பார்ப்பான், ஐயோ அண்ணாச்சிக்கு ஊசியான்னு கேப்பான், சாயங்காலம் பாத்திரக்கடை வரைக்கும் போயிரும். சந்திரகனிக்கு அதுதான் பயம். கழுத்துல தாலி ஏறுற வரைக்கும் சுகருங்கிற பேச்சே இந்த வீட்டுல எந்திரிக்கக் கூடாதுன்னுட்டா. அப்பனுக்கு இருந்தா பொண்ணுக்கு வரும், பொண்ணுக்கு வந்தா பிள்ளைக்கு வரும்னு யோசிப்பாங்களாம். ஏற்கெனவே ஒரு இடம் அப்படித்தான் போச்சு, வேற காரணம் சொன்னாங்க, ஆனா எங்களுக்குத் தெரியும். அந்த இடம் போனப்ப அபி ஒண்ணும் நினைக்கல. இந்த இடம் அப்படியில்ல. பையனைப் பிடிச்சிருக்குன்னு அவ வாயால சொல்லல, ஆனா அவன் பேரைச் சொன்னா எந்திரிச்சுப் போயி ஃப்ரிட்ஜைத் திறந்து, ஒண்ணும் எடுக்காம மூடிட்டு வர்றா. மூணு வாரமா நேரா என்னைப் பார்த்து ஒண்ணும் கேக்கலை. மண்டியில இருந்து நான் வந்ததும் தண்ணியைக் குடுத்துட்டு முகத்தை ஒரு தடவை பார்க்கிறா, அவ்வளவுதான். அந்தப் பார்வை எனக்கு ஆகல. அதுக்காகத்தான் இந்த மஞ்ச பனியன், இந்த ஷூ, இந்த நடை. இது என்ன வேர்வைன்னு கண்டுபிடிக்காம ஏன் இம்புட்டு நேரம் வேற யோசிச்சேன். யோசனை எங்கெங்கயோ போறதும் சுகர் இறங்குறதுக்கு அடையாளமா? இருக்காது. இது எப்பவும் போறதுதான்.

"என்ன அண்ணாச்சி, முத நாளே வேர்த்துருச்சே." அவருதான். நடந்துக்கிட்டே திரும்பிப் பார்க்கிறாரு, அவரு நெத்தி காஞ்சு கிடக்கு. "ஆமா அண்ணாச்சி, நல்லா வேர்க்கட்டும், அதுக்குத்தானே." "வேர்க்கணும், வேர்க்கணும்"னு சொல்லிட்டு முன்னாடி பார்த்தாரு. அப்புறம் ரொம்பச் சாதாரணமா, கடையில குண்டா விலை கேக்குற மாதிரி, "உங்க வீட்டுல அன்னைக்கு ஒரு காப்பி குடுத்தாங்களே அண்ணாச்சி, அது வீட்டம்மா போட்டதா, பொண்ணு போட்டதா?" காப்பியைப் பத்தி எதுக்கு. நாள் பார்த்தாச்சான்னு நான் கேக்கவேண்டிய இடத்துல இவரு ஏன் காப்பியைப் பத்திக் கேக்குறாரு. "ரெண்டு பேரும் சேர்ந்துதான் அண்ணாச்சி." "அதானே. நல்ல காப்பி." நடந்தாரு. "எல்லாருக்கும் ஒண்ணு போலத்தான் போடுறதா, இல்ல ஆளுக்குத் தக்கன மாத்திப் போடுறதா?" தெரிஞ்சுபோச்சு. இந்த மனுசனுக்குத் தெரிஞ்சுபோச்சு. என் வாயில இருந்தே வரவழைக்கிறாரு. ஆளு ஒல்லியா இருக்கிறவங்களை நம்பவே கூடாது, உள்ள எங்கிட்டு என்ன வச்சிருக்காங்கன்னு தெரியாது. "எல்லாருக்கும் ஒண்ணுதான் அண்ணாச்சி, சீனி தூக்கலா"ன்னேன். சீனிங்கிற சொல்லைச் சொல்லும்போதே நாக்குல எச்சி ஊறுது. அவரு என் முகத்தை ஒரு மாதிரியாப் பார்த்தாரு. "தூக்கலா," அப்படின்னாரு.

அன்னைக்குத் தூக்கலாத்தான் இருந்துச்சு, பொய்யில்ல. மூணு வருசத்துல நான் குடிச்ச ஒரே சீனிக் காப்பி அதுதான். எங்க வீட்டுல எனக்குத் தனியா, சீனி போடாம, கசாயம் மாதிரி ஒண்ணு தினமும் வரும். அன்னைக்கும் அதுதான் வரும்னு மனசைத் திடப்படுத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி முகத்தைச் சுளிக்கக்கூடாதுன்னு. அபி தட்டோட வந்தா. பச்சைச் சேலை கட்டியிருந்தா, நிமிர்ந்து பார்க்கல, டம்ளரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு மோதி கிணுகிணுங்குது, புள்ளைக்குக் கை நடுக்கம். அது சுகர் நடுக்கம் இல்ல, நல்ல நடுக்கம். நேரா என்கிட்ட வந்தவ, என்ன நினைச்சாளோ, மரியாதைக்கு முதல்ல அவருக்கு நீட்டினா. அவரும் மரியாதைக்கு, நடுவுல இருக்கிறதை எல்லாம் விட்டுட்டு ஓரத்துல இருந்த டம்ளரை எடுத்துக்கிட்டாரு. பெரிய மனுசன்னு நினைச்சுக்கிட்டேன். அப்புறம் எனக்கு நீட்டினா, எடுத்து ஒரு வாய் வச்சேன். அடேயப்பா. தொண்டையில இருந்து கால் பெருவிரல் வரைக்கும் ஒரு இனிப்பு இறங்கிச்சு. சந்திரகனியைத் திரும்பிப் பார்த்தேன், கதவோரமா நிக்கிறா, என்ன புத்திசாலி, யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதுன்னு இன்னைக்கு எனக்கும் சீனி போட்டுட்டாளேன்னு நெஞ்சே நிறைஞ்சுபோச்சு. அப்புறமும் அவகிட்ட அதைப் பத்தி வாயைத் திறக்கல, கேட்டா அடுத்த தடவை கிடைக்காது. சோலைராஜ் அண்ணாச்சி ஒரு வாய் குடிச்சாரு, டம்ளரைப் பார்த்தாரு, சந்திரகனியைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு, மறுபடியும் டம்ளரைப் பார்த்தாரு. பாத்திரக்கடைக்காரரு, டம்ளர் என்ன கனம்னு மனசுக்குள்ள எடை போடுறாரு, போடட்டும்னு இருந்தேன். ஒரு சொட்டு விடாமக் குடிச்சாரு. அதுக்கப்புறம் அதிகம் பேசல. நிச்சயத்துக்கு நாள் பார்த்துச் சொல்லி அனுப்புறோம்னு எந்திரிச்சாரு. டம்ளர் லேசானதா இருந்திருக்குமோ. அதுக்காகவா ஒருத்தரு சம்பந்தத்தை இழுத்தடிப்பாரு.

பசி. இது சாதாரணப் பசி இல்ல. உதடு மரத்த மாதிரி இருக்கு, எதிர்த்த கண்ணாடியில மஞ்ச பனியன்காரன் ரெண்டா தெரியுறான், ஒருத்தனையே சகிக்க முடியல. கவலை இல்ல, மிட்டாய் இருக்கு. டாக்டரம்மா எப்பவும் ஏதாவது இனிப்பு கையில வச்சுக்கோங்கன்னு சொன்னதுல இருந்து சந்திரகனி ஒரு கடலை மிட்டாயைத் தாள்ல சுத்தி டி.வி. மேல வச்சிருப்பா, வெளிய போகும்போது அதை எடுத்து வேட்டி மடியில செருகிக்கிறது என் வழக்கம். பாக்கெட்டுல வச்சா மறந்திரும், மடியில வச்சா வயித்துல உறுத்திக்கிட்டே இருக்கும், மறக்காது. இன்னைக்கும் வச்சேன். அபி வாங்கிக் குடுத்த இந்த ட்ராக் பேண்டுல பக்கத்துக்கு ஒரு பாக்கெட்டு, ஜிப்பு போட்டு, அழகாத்தான் இருக்கு. ஆனா கை இத்தனை வருசமாப் போன இடத்துக்குத்தானே போகும். இடுப்புல எலாஸ்டிக்கை ஒரு இழு இழுத்து உள்ள செருகி, தட்டி வச்சுட்டுத்தான் வந்தேன். இப்ப கையை இடுப்புல விடுறேன். இல்ல. இந்தப் பக்கம் விடுறேன். இல்ல. வேட்டின்னா மடிச்சுச் சுத்தியிருக்கும், வச்சது வச்ச இடத்துல நிக்கும். இதுல இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே இல்ல, ஒரே குழாய். முழங்காலுக்குப் பக்கத்துல என்னமோ ஊருது. ஒவ்வொரு எட்டுக்கும் கொஞ்சம் இறங்குது. நல்லவேளை, அடியில கணுக்கால்ல சுருக்கு வச்சுத் தைச்சிருக்கான், வெளிய விழாது. அதுபாட்டுக்குப் போயி அங்க உட்கார்ந்துக்கிச்சு. என் உசுரு இப்ப என் வலது கணுக்கால்ல இருக்கு, கால் ஓடிக்கிட்டு இருக்கு.

குனியலாமா. குனிஞ்சா இந்த மெஷின் என்னைப் பின்னாடி கொண்டுபோயித் தள்ளிரும், பின்னாடி சுவரு. பதறக்கூடாது. மூளை ஒழுங்கா இருக்கான்னு முதல்ல பார்ப்போம். மண்டியில இருக்கிற சரக்கை வரிசையாச் சொல்லிப் பார்ப்போம், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். துவரை, உளுந்து, பாசி, கடலை, பட்டாணி, மொச்சை, கொள்ளு, அப்புறம் அது. அதுதான், வெள்ளையா நீளமா இருக்குமே, நடுவுல கறுப்பா ஒரு கண்ணு வச்சு. பேரு என்ன. துவரை, உளுந்து, பாசி, கடலை, பட்டாணி, மொச்சை, கொள்ளு, அது. கத்திரிக்காயோட போட்டுச் சந்திரகனி குழம்பு வைப்பா. வாய்க்குள்ளேயே நிக்குது. எங்கப்பா காலத்துல இருந்து விக்கிற சரக்கு, பேரு வரமாட்டேங்குது. அப்ப இறங்கிட்டுது. சந்தேகமே இல்ல, இது சுகர் வேர்வைதான். சாகமாட்டேன், ஆனா விழுவேன். அதுதான் இப்ப பிரச்சினை, எங்க விழுறதுங்கிறதுதான். அவரு காலடியில மயங்கி விழுந்தா மாஸ்டர் தண்ணி தெளிப்பாரு, ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவாங்க, இவரும் மரியாதைக்குக் கூட வருவாரு, அங்க நர்சம்மா முதல்ல விரல்லதான் குத்துவா. கல்லு மாதிரி இருக்கேன்னவன் வண்டவாளம் அங்க தெரிஞ்சிரும். அபி ஃப்ரிட்ஜுகிட்டப் போகமாட்டா அதுக்கப்புறம். கொள்ளு, அப்புறம் அது. கத்திரிக்காயோட போடுறது.

மெஷின் நெத்தியில ஒரு செவப்புக் கயிறு தொங்குது. வந்ததுமே பார்த்தேன். புது மெஷினுக்குத் திருஷ்டிக் கயிறு கட்டியிருக்காங்க, பரவாயில்ல, இந்தக் காலத்துப் பயலா இருந்தாலும் மாஸ்டருக்குப் பக்தி இருக்குன்னு நினைச்சு, ஏறும்போது தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் ஏறினேன். என் மண்டியில எடை மெஷினுக்கும் கட்டியிருக்கோம், எங்களது கறுப்பு. சாமி, நீதான். எந்தச் சாமிக்குக் கட்டின கயிறுன்னு தெரியல, யாரா இருந்தாலும் சரி. என் மக கல்யாணம் நடக்கணும், நான் இவரு முன்னாடி விழக்கூடாது, வேற ஒண்ணும் வேண்டாம். "அண்ணாச்சி, என்ன தனியாப் பேசுறீங்க, முகம் ஒரு மாதிரியா இருக்கு"ன்னு பக்கத்துல குரல் கேக்குது, எங்கயோ கிணத்துக்குள்ள இருந்து கேக்குது. கால் ஒரு எட்டு தப்பிருச்சு. நான் சாமியைப் பிடிச்சேன். பிடிச்ச வேகத்துல கயிறு பட்டுன்னு கையோட வந்திருச்சு. போச்சு, திருஷ்டிக் கயித்தைப் பிய்ச்சிட்டோம், இனி எந்த நாளும் விளங்காதுன்னு நான் நினைச்சு முடிக்கிறதுக்குள்ள மெஷின் ஒரு முனகு முனகி நின்னுபோச்சு. அப்படியே உட்கார்ந்தேன். கயிறு கையில இருக்கு.

அதுக்கப்புறம் வெட்கம், மானம் ஒண்ணும் பார்க்கல. வலது காலைத் தூக்கி இடது தொடைமேல போட்டு, சுருக்கை நீட்டி, விரலை உள்ள விட்டுத் துழாவினேன். தாளு வேர்வையில நனைஞ்சு எங்கயோ கழண்டுக்கிச்சு, மிட்டாய் மட்டும் வந்துச்சு. ரெண்டாக் கடிச்சு ஒரு பாதியை வாயில தள்ளினேன். நிமிர்ந்தா சோலைராஜ் அண்ணாச்சி அவரு மெஷின் கயித்தைச் சாவகாசமா இழுத்து நிறுத்திட்டு என் முன்னாடி நிக்கிறாரு. ஒரு மனுசன் காலுக்குள்ள இருந்து கடலை மிட்டாய் எடுத்துத் திங்கிறதுக்கு என்ன காரணம் சொல்ல முடியும். யோசிச்சுப் பார்த்தேன், ஒண்ணும் கிடைக்கல. மூளைக்குத்தான் சுகர் இன்னும் போய்ச் சேரலையே. வாய் நிறையக் கடலையோட உண்மையைச் சொல்லிட்டேன். "சுகர் அண்ணாச்சி. எனக்கு சுகர். மூணு வருசமா. இறங்கிருச்சு." சொல்லிட்டு அவரு முகத்தைப் பார்க்கல, ஷூவைத்தான் பார்த்தேன். அபி எடுத்துக் குடுத்த ஷூ, நீலக் கலரு, இதுதான் உங்களுக்கு நல்லாயிருக்கும் அப்பான்னு சொன்னா. அழுகை வர்ற மாதிரி இருந்துச்சு, அதுவும் சுகர் இறங்கினா வருமோ என்னமோ. அவரு மெதுவா என் பக்கத்துல, அதே மெஷின்மேல, முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தாரு.

"அப்ப அன்னைக்கு அந்தக் காப்பி," அப்படின்னாரு, "அது உங்களுக்கு வச்சதா?"

எனக்கு ஒண்ணும் விளங்கல. எந்தக் காப்பின்னேன். ஓரத்து டம்ளர்னாரு. பொட்டுச் சீனி இல்ல அண்ணாச்சி அதுலன்னாரு. "ஒரு வாய் வச்சதுமே எனக்குக் குலை நடுங்கிப்போச்சு. ஆகா, விசாரிச்சிருக்காங்க, நமக்கு சுகர் இருக்கிறதைக் கண்டுபிடிச்சுட்டாங்க, வாயால கேக்காம காப்பியில சொல்லிக் காட்டுறாங்கன்னு நினைச்சேன். நான் ஊசியே போட ஆரம்பிச்சு ஆறு மாசமாச்சு அண்ணாச்சி. கடை ஃப்ரிட்ஜுல, தண்ணி பாட்டிலுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருக்கேன். என் மகனுக்கும் வரும்னு நினைச்சுத்தான் நீங்க யோசிக்கிறீங்கன்னு, உங்க பக்கம் இருந்து ஏதாவது சேதி வரட்டும்னு இருந்தேன். நாள் பார்த்துச் சொல்ல எனக்கு எப்படி வாய் வரும். பையன் தினமும் என் முகத்தையே பார்க்கிறான்." தட்டு என் கண்ணு முன்னாடி வந்துச்சு. நேரா என்கிட்ட வந்து, அப்புறம் மரியாதைக்கு அந்தப் பக்கம் திரும்பின அபி. அப்பாவுக்கு ஓரத்து டம்ளர்னு சொல்லி அனுப்பியிருப்பா சந்திரகனி. என் கசாயத்தைக் குடிச்சிட்டு இந்த மனுசன் மூணு வாரமாத் தூங்கல. இவரு சீனியைக் குடிச்சிட்டு நான் மூணு வாரமாத் தூங்கல. எனக்குப் பொங்கிப் பொங்கிச் சிரிப்பு வருது, கடலை மூக்குல ஏறுது. அவரு என் முதுகைத் தட்டுறாரு, தட்டிக்கிட்டே அவரும் குலுங்குறாரு. "தட்டப்பயறு"ன்னு கத்தினேன். "என்னது?" "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, வந்திருச்சு." மாஸ்டர் அங்கிருந்து என்ன அங்கிள், ரெஸ்டான்னு கேட்டாரு. ஆமா தம்பி, ரெஸ்ட்டுன்னு ரெண்டு பேரும் ஒண்ணாச் சொன்னோம்.

"வர்ற வெள்ளிக்கிழமை நல்ல நாள்," அப்படின்னாரு அண்ணாச்சி, முகத்தைத் துண்டால துடைச்சுக்கிட்டு. "நான் அன்னைக்கே பார்த்து வச்சிட்டேன், சொல்லத்தான் முடியல." வெள்ளிக்கிழமை. அபி இன்னைக்கு ஃப்ரிட்ஜுல இருந்து எதையாவது எடுத்தாகணும், நான் விடப்போறதில்ல. எங்க ஆளுகள்ல நிச்சயம் ஆச்சுன்னா ரெண்டு அப்பனும் ஒருத்தர் வாயில ஒருத்தர் இனிப்பைப் போட்டுட்டுத்தான் சம்பந்தின்னு கூப்பிட ஆரம்பிக்கணும், அதை நினைச்சே நான் இத்தனை நாளா பயந்துக்கிட்டு இருந்தேன், சபையில எத்தனை லட்டைத் திணிப்பாங்களோன்னு. அவரும் அதைத்தான் நினைச்சாரு போல. என் கையில மிச்சம் இருந்த பாதி மிட்டாயைப் பார்த்தாரு. "காலையில ஊசி போட்டுட்டு நானும் வெறும் வயிறு அண்ணாச்சி, மாஸ்டர் சொன்னாரேன்னு. எனக்கும் இப்ப லேசாக் கை நடுங்குது." கையை நீட்டிக் காட்டினாரு, நிசமாவே நடுங்குது. மிட்டாயை மறுபடியும் உடைச்சேன். அவரு ஒரு துண்டை எடுத்து என் வாயில வச்சாரு, நான் ஒரு துண்டை அவரு வாயில வச்சேன். "சாப்பிடுங்க சம்பந்தி"ன்னேன். "ஆகட்டும் சம்பந்தி"ன்னாரு, கண்ணை மூடிக்கிட்டு மென்னாரு, அந்த ஒரு துண்டை மனுசன் எம்புட்டு ஆசையா மெல்றாரு. திடீர்னு நிறுத்தினாரு. நாக்கு நுனியில இருந்து என்னமோ எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தாரு. "மிட்டாய் போடுறவன் கொஞ்சம் சுத்தமாப் போடக்கூடாது? முடி கிடக்கு பாருங்க." பார்த்தேன். குட்டை முடி, நரைமுடி, அது என் கணுக்காலைத் தவிர வேற எங்கயும் விளையாது. "ஆமா சம்பந்தி, அடுத்த தடவை வேற கடையில வாங்குவோம்"ன்னேன். எல்லாத்தையும் இன்னைக்கே சொல்லிட்டா அப்புறம் கல்யாணம் எப்படி நடக்கும்.